இரண்டாம் முறை ஹெட் இறக்கியபோது

இரவு முழுவதும் ஆறிக் கிடந்த என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஆவதற்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. ஆனால் தொட்டால் இன்னும் குளிர்ச்சி. சூடேறாத தண்ணீர் ஹோஸை இப்படி இறுக்காது. சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் இது நடக்கும். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், மறுபடியும் போய்விட்டது.

மறுபடியும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு பட்டறையில் இதே கேஸ்கெட்டை மாற்றினார்கள். 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கேஸ்கெட் என்பது தானாகச் செத்துப்போகும் பொருள் அல்ல. ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அது என்னவென்று தெரியாமல் மூன்றாவது கேஸ்கெட்டை வைப்பதில்லை என்று முடிவு செய்து, இந்த முறை வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

வண்டி எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடங்களாக ஓடும் கார். நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின், வால்வுகளைத் திறக்க மேலே ஒற்றைக் கேம் ஷாஃப்ட், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு கேமை இணைக்கும் டைமிங் பெல்ட். அந்தக் காலத்து எளிமையான அமைப்பு. பொறுமையும் பழுதுபார்ப்புக் கையேடும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நோயை உறுதி செய்துகொண்டேன். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பசை லேசாக ஒட்டியிருந்தது. பலர் இதைப் பார்த்தவுடனே கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் படிந்தும் அந்தப் பசை உண்டாகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகத்தான் இருந்தது. ஆகவே சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுத்தேன். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுழற்றியதில் ஒன்றாவது சிலிண்டர் 172, இரண்டாவது 104, மூன்றாவது 98, நான்காவது 168 பி.எஸ்.ஐ. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் பகுதி ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். சந்தேகம் தீர, அந்த இரண்டிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தேன். அளவு ஏறவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும்.

அடுத்து, இரண்டாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றினேன். கியரில் போடாவிட்டால் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளி என்ஜினைச் சுழற்றிவிடும். மூன்றாவது சிலிண்டரின் துளை மேல் விரலை வைத்தால் காற்று சீறுகிறது. ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வரிசையாக எழுகின்றன. இதற்குமேல் சாட்சி தேவையில்லை. கம்ப்ரஸர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் வாயுவை நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பது. கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும்.

அறிகுறிகளும் இதோடு பொருந்தின. வண்டி மேடேறும்போது வாயு தண்ணீரைத் தள்ள, தண்ணீர் ரிசர்வ் பாட்டிலுக்குப் பொங்கிவரும். நிறுத்திவிட்டு ஆறவிட்டால் மிச்சமுள்ள அழுத்தம் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு சிலிண்டர் தடுமாறுவதும், இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவதும் அதனால்தான்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃப்யூல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டேன். குழாயில் பெட்ரோல் அழுத்தம் மிஞ்சக் கூடாது. பிறகு பேட்டரியைத் துண்டித்தேன். தண்ணீரை ரேடியேட்டரிலிருந்து மட்டுமல்ல, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் திருகிலிருந்தும் இறக்கினேன். இதை மறந்தால் ஹெட்டைத் தூக்கும் கணத்தில் தண்ணீர் சிலிண்டருக்குள் கொட்டும். வடித்த கூலண்டை மூடி போட்ட கேனில் ஊற்றி உயரத்தில் வைத்தேன். அது இனிக்கும், ஆனால் கடும் நஞ்சு. நாயோ பூனையோ நக்கிவிடக் கூடாது. பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க் புல்லியின் கோட்டையும் கேம் புல்லியின் குறியையும் சேர்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். போல்ட்டுகளுக்கு ஒரு அட்டையில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே துளையிட்டுச் செருகிவைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சேர்க்கும்போது இந்த அட்டைதான் கைகொடுத்தது.

புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளுக்கு மூன்று இரவுகள் துருநீக்கும் ஆயில் விட்டிருந்தேன். எட்டில் ஏழு வழிக்கு வந்தன. ஒன்று ஹெட்டோடு ஒட்டி முறிந்தது. நட்டு ஏறும் மரைக்கம்பிதான் ஸ்டட். முறிந்த ஸ்டட்டின் நடுவில் துளையிட்டுப் பிடுங்கும் கருவியை நான் நம்புவதில்லை. கடினமான அந்தக் கருவி உள்ளேயே முறிந்தால் வேலை பத்து மடங்காகிவிடும். முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்ய வைத்தேன். வெல்டிங் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுத்தது. சிவப்பு தணிந்ததும் ஸ்பேனரைப் போட்டால் ஸ்டட் சுழன்று வெளியே வந்துவிட்டது.

ஹெட் போல்ட்டுகளை என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகே தொட வேண்டும். முறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறோம். தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. எல்லாவற்றையும் முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. ஒவ்வொரு போல்ட்டும் ‘டக்’ என்று சத்தம் கொடுத்து விட்டது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவிலிருந்த போல்ட் மட்டும் சத்தமே இல்லாமல், சின்ன ஸ்பேனருக்கே அசைந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஓட்டை விழுந்த இடமும் அதுதான்.

போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையவில்லை. தூக்க உதவிக்கு வந்த தம்பி, “ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பிவிடலாமா அண்ணா?” என்று கேட்டான். கூடவே கூடாது. அந்த இடுக்கில் விழும் ஒரு கீறல் போதும், புதிய கேஸ்கெட் அங்கேயே தோற்கும். மேனிஃபோல்டு பொருந்தும் தடித்த காதுகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். நான்காவது ஆட்டத்தில் பிசின் கிழிவதுபோல ஒரு சத்தம். ஹெட் கையோடு வந்தது.

உள்ளே பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. ஒன்று, மூன்று, நான்கு பிஸ்டன்களின் தலையில் கறுத்த கரி. இரண்டாவதின் தலை மட்டும் கழுவித் துடைத்த பாத்திரம்போலப் பளபளத்தது. உள்ளே புகுந்த தண்ணீர் ஆவியாகி, கரியை எல்லாம் உரித்து எடுத்திருக்கிறது. கேஸ்கெட்டில் அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள பாலம் எரிந்து, தகட்டு வளையம் சுருண்டு நின்றது. அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு தண்ணீர்த் துளை வரைக்கும் ஓடியிருந்தது. வாயு போன தடம் அது.

அந்தக் குறுகிய பாலத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் கேஸ்கெட்டின் மேல் மரியாதை வருகிறது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட், அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி கூடினால், தடையில்லாமல் விரிய விட்ட கணக்கில், பிளாக்கைவிட ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் அதிகம் நீளும். அதாவது ஒவ்வொரு பயணத்திலும் ஹெட் அந்தக் கேஸ்கெட்டின் மேல் நகர்ந்து தேய்த்துவிட்டுத் திரும்புகிறது. சரியான சூட்டில் ஓடும்வரை கேஸ்கெட் இதைத் தாங்கும். என்ஜின் கொதித்துவிட்டாலோ, விரிய இடமில்லாமல் போல்ட்டுகளுக்கு நடுவே நெரிபடும் ஹெட் வளைந்துவிடுகிறது. ஆறினாலும் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை.

ஹெட்டைக் கவிழ்த்து, நேர்விளிம்புச் சட்டமான ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். கையேடு அனுமதிக்கும் எல்லை 0.05 மில்லிமீட்டர். நடுவில் 0.12 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் நுழைந்தது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஹெட்டின் முகத்தில் வட்ட வட்டமான கீறல்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட, போன முறை கிரைண்டரில் உரசும் வட்டு மாட்டித் தேய்த்திருக்கிறார்கள். மென்மையான அலுமினியத்தை அந்த வட்டு கண்ணுக்குத் தெரியாமல் குழியாக்கிவிடும். அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் அரிக்கும். ஹெட்டை, முகத்தைச் சமமாகச் சீவும் ஃபேசிங்குக்கு அனுப்பவே இல்லை என்பதும் அந்தக் கீறல்களிலேயே எழுதியிருந்தது.

அட்டையில் செருகியிருந்த பத்து ஹெட் போல்ட்டுகளையும் வரிசையாக நிற்க வைத்தேன். இரண்டு மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயரம். இந்த வகை போல்ட்டுகள் முறுக்கும்போதே நீண்டு, அந்த இழுவிசையால் ஹெட்டை அழுத்திப் பிடிப்பவை, ஒருமுறைதான் பயன்படும். போன முறை பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் இரண்டாவது கேஸ்கெட் ஏன் சீக்கிரம் போனது என்பதற்கான விடைகள். முதல் கேஸ்கெட் போனது ஏன்? எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். எரிந்தது எது என்று தேடினேன். சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி ஒழுங்காகவே விரிந்தது. வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் முழுசாக இருந்தன. ரேடியேட்டர்தான் மிச்சம். ஹெட்டை இறக்குவதற்கு முன், என்ஜின் சூடாக இருந்தபோது வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து குறித்துவைத்திருந்தேன். மேலே 88 டிகிரி. கீழ்ப்பகுதியின் ஒரு மூலை 41. படிப்படியாக இறங்கியிருந்தால் அது நல்ல ரேடியேட்டர். இது ஒரு கோட்டுக்குக் கீழே திடீரென்று விழுந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. கழற்றிக் கவிழ்த்தபோது பழுப்பு நிறச் சேறு கட்டிகட்டியாக விழுந்தது. துருவோடு கசிவடைக்கும் பொடியும் கலந்திருந்தது. எங்கோ சின்னக் கசிவு இருந்த நாளில் யாரோ அந்தப் பொடியைக் கொட்டியிருக்கிறார்கள். அது கசிவை அடைத்ததோ இல்லையோ, ரேடியேட்டரின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டி கொண்ட அலுமினிய ரேடியேட்டரைப் பழைய பித்தளை ரேடியேட்டர்போலப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. புதியது வாங்கினேன். மூடியையும் மாற்றினேன். மூடி என்பது வெறும் மூடி அல்ல. ஒரு பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

ஹெட் இயந்திரப் பட்டறைக்குப் போனது. முதலில் அழுத்தச் சோதனை. வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண். விரிசல் இல்லை. பிறகு அடிமுகத்தை 0.15 மில்லிமீட்டர் சீவினார்கள். ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் என்று கையேட்டில் ஒரு எண் இருக்கும். அதற்குக் கீழே போகவில்லை என்பதை அளந்தே வாங்கினேன். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்களைப் போடாமல் கேம் ஷாஃப்ட்டை மட்டும் அதன் இருக்கையில் வைத்து, மூடிகளை முறுக்கி, விரலால் சுழற்றிப் பார்த்தது. ஹெட் வளையும்போது அடிமுகம் மட்டும் வளைவதில்லை, கேம் ஓடும் வரிசையும் சேர்ந்தே வளைகிறது. அடிமுகத்தை நேராக்கினால் மேலே உள்ள வளைவு அப்படியே இருக்கக்கூடும். கேம் எங்கும் பிடிக்காமல் வழுவழுவென்று சுழன்றது. பெரிய நிம்மதி. வால்வு ஸ்டெம் சீல்களை மாற்றி, வால்வுகளைப் பேஸ்ட் வைத்து இருக்கையில் தேய்த்து, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் வைத்தேன். போர்ட்டுகளுக்குள் ஒரு துளிகூட இறங்கவில்லை.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். நான்கு பிஸ்டன்களையும் பாதி உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டர் விளிம்பிலும் கிரீஸ் வளையம் இட்டுத் துணியை அடைத்தேன். உதிரும் தூசி கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கெட் கரைப்பானும் மட்டுமே. நகத்தால் தடவினால் எங்கும் தட்டக் கூடாது. ஃபீலர் கேஜுக்குப் பிளாக் 0.03 மில்லிமீட்டர்தான் காட்டியது. போல்ட் துளைகளில் இரண்டில் ஆயிலும் தண்ணீரும் தேங்கியிருந்தன. அடி மூடிய துளை அது. திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் ஒதுங்க வழியில்லாமல் அது பிளாக்கையே பிளந்துவிடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய்யான அளவைக் காட்டும். பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் இரண்டு காடிகள் அறுத்து, அதையே துளைகளில் ஏற்றி இறக்கி அழுக்கெடுத்தேன். மரை வெட்டும் டேப்பை விட்டால் நல்ல இரும்பையும் வெட்டிவிடும். கடைசியில் காற்றடித்து உலர்த்தினேன்.

கேஸ்கெட்டை உலர்ந்த முகத்தில், எந்தப் பசையும் இல்லாமல், மேல்பக்கக் குறி மேலே தெரிய வைத்தேன். கேமுக்கு ஆயில் ஏறும் துளை பிளாக்கிலும் கேஸ்கெட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன். தலைகீழாக வைத்தால் அந்தத் துளை மூடி, கேம் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடும். ஹெட்டை நேராக மேலிருந்து வழிகாட்டி ஊசிகளில் இறக்கினோம். கேஸ்கெட் மேல் இழுக்கக் கூடாது. புதிய போல்ட்டுகளின் மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிய ஆயில். பதறாத காரியம் சிதறாது. நடுவிலிருந்து சுழல்வாக்கில் எல்லாவற்றுக்கும் 40 நியூட்டன் மீட்டர். பிறகு ஒவ்வொரு தலையிலும் ஒரே திசையில் வெள்ளைக் கோடு இட்டு, 90 டிகிரி. மறுபடி வரிசையாக இன்னொரு 90 டிகிரி. முடிவில் பத்துக் கோடுகளும் எதிர்த்திசையைப் பார்த்து நின்றன. கண்ணால் பார்த்தே எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்தது. இது என் என்ஜினின் கணக்கு. இன்னும் பழைய வகை என்ஜின்களில் ஓடிய பிறகு மறுபடி முறுக்கச் சொல்வார்கள். அந்தந்தக் கையேடுதான் இதில் அதிகாரம்.

பெல்ட்டைக் குறிகளோடு சேர்த்து மாட்டியதும், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றினேன். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய என்ஜின் இது. தட்டவில்லை. குறிகளும் திரும்ப வந்து சேர்ந்தன.

ஆயில் கசிவுகளுக்கு வருகிறேன். ஹெட்டை மேலே மூடும் டேப்பெட் கவர், கேம் சீல், கிராங்க்கின் முன் சீல், அடியில் ஆயில் தேங்கும் சம்ப் என்று நாலு இடத்திலும் ஈரம். ஒரே நேரத்தில் நாலு சீலும் எப்படிக் கெடும்? இங்கேயும் சீல்களைக் குற்றம் சொல்வதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பார்த்திருந்தேன். என்ஜினின் அடியில் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிரீதர் சரியாக இருந்தால் கையுறை லேசாக உள்ளே இழுபடும். என்னுடையது ஐந்து விரலும் விரிந்து எழுந்து நின்றது. பிரீதர் வால்வைக் கழற்றி ஆட்டினால் ‘கிளிக்’ சத்தம் வரவில்லை. அதன் ஹோஸில் கரியும் பிசுக்கும் இறுகி, ஒரு குண்டூசி நுழையும் வழிதான் மிச்சம். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு போக வழியில்லாமல் ஆயிலைச் சீல்களின் வழியே தள்ளிக்கொண்டிருந்தது. வால்வையும் ஹோஸையும் மாற்றினேன்.

சீல்களையும் மாற்றினேன், முன்பக்கம் திறந்திருக்கும்போதே செய்வதுதான் புத்திசாலித்தனம். கிராங்க்கின் மேல் பழைய சீல் ஓடிய இடத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு வளையப் பள்ளம் இருந்தது. புதிய சீலைப் பழைய ஆழத்துக்கே தட்டினால் அதே பள்ளத்தில் உட்கார்ந்து மறுபடி கசியும். இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன். உதடு தேயாத இடத்தில் ஓடுகிறது. சம்ப்பின் விளிம்பு ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் குழிந்து போயிருந்தது. கசிகிறது, கசிகிறது என்று முறுக்கி முறுக்கி வந்த வினை. மரக்கட்டையை அடியில் கொடுத்துச் சுத்தியால் தட்டிச் சமமாக்கி, புதிய கேஸ்கெட்டோடு 10 நியூட்டன் மீட்டர் மட்டும் கொடுத்தேன். டேப்பெட் கவரில் சிலிகோன் பசையை கேம் மூடி சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். அதிகம் வைத்தால் பிதுங்கி உள்ளே விழும் துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை, தீப்பொறியும் பெட்ரோலும் இல்லாமல் வெறுமனே சுழற்றிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்தேன். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும் வரை மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். முதல் இருபது நிமிடம் வெள்ளைப் புகை வந்தது. சைலன்ஸரில் தேங்கிய பழைய தண்ணீர் அது என்று தெரிந்திருந்தும் கைகள் சில்லிட்டன. பிறகு புகை மெலிந்து நின்றது. 200 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். ஆயிலில் கூலண்ட் கொஞ்சம் கலந்திருந்தாலும் பேரிங் தாங்காது.

1,800 கிலோமீட்டர் ஆகிறது. கம்ப்ரஷன் 176, 174, 172, 175. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸ் கைக்கு மெத்தென்று அமுங்குகிறது. ரிசர்வ் பாட்டிலில் நான் இட்ட பேனாக் கோட்டிலேயே தண்ணீர் நிற்கிறது. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைக்கிறேன். பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குக் கீழே, வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. கிராங்க்கின் பின் சீல். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றும் நாள் வரும்போது அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாக அட்டையின் மூலையில் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.